கயிறு கட்டிய கதவுக்கு ஒரு வினைச்சொல்

அவைக்குத் தலைமை ஏற்று, அமைதிக்கு இலக்கணமாய் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர், வழக்கறிஞர் ஆத்மநாதன் அவர்களே. அரங்குக்கு விளக்கும், விளக்குக்கு மின்சாரமும், மின்சாரம் போனால் ஜெனரேட்டரும் தந்து, வெளியிட ஒரு நூலையும் தந்து, பொன்னாடை பூண்டு நடுநாயகமாக வீற்றிருக்கும் பள்ளித் தாளாளர் அவர்களே. அவருக்கு அருகே, அவர் சிரிக்கும்போது மட்டும் சிரித்து முறைமை காக்கும் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே. அரிமளத்தின் அறிவுக்கு அரணாய் நிற்கும் ஆன்றோரே, சான்றோரே. வேலை முடித்து, வீடு பூட்டி, பிள்ளைகளின் வரவேற்பு நடனத்தைக் காண வந்து, நடனம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் பெருந்தன்மையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே. உள்ளே வருவதா, வெளியே போவதா என்று இன்னும் முடிவு செய்யாமல் வாசலை அடைத்து நிற்கும் இளைஞர்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நூலை அறிமுகம் செய்ய என்னை அழைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எதிர்மறைப் பொருள் தரும் வினைச்சொற்களும் அவற்றின் விளக்கங்களும் என்பது நூலின் பொருள். வெளியிட்டிருப்பது தாளாளர் அவர்களின் பள்ளி. அருமையான தாள். அழகான அச்சு. முன்னட்டையில் தாளாளரின் படம் இருக்கிறது. பின்னட்டையிலும் இருக்கிறது. எந்தப் பக்கமாகக் கீழே வைத்தாலும் அவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நூலை முழுக்கப் படித்தேன். அறிமுகம் செய்கிறவர் நூலைப் படித்துவிட்டு வருவது இப்போது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். பொறுத்தருள வேண்டும். ‘அபாண்டன்’ என்ற சொல்லில் தொடங்கி, ‘ஊண்ட்’ என்ற சொல்லில் நூல் முடிகிறது. கைவிடுவதில் தொடங்கிக் காயப்படுத்துவதில் முடிகிறது. ஒரு நிறுவனத்தின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

சிரிக்காதீர்கள். நான் நூலைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சொற்களெல்லாம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். எதற்கா? நமக்கு வேறு எந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது? கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் வெள்ளைச்சாமி என் நண்பர். பள்ளிக்கூடத்தின் நிழலுக்குக்கூட ஒதுங்காதவர். அவரிடம், “ஒங்களுக்கு இங்கிலீசு தெரியுமா அண்ணே?” என்று கேட்டேன். “ஏன் தெரியாது?” என்றார். “ரிஜெக்ட் தெரியும். கேன்சல் தெரியும். கட் தெரியும். தாலுக்கா ஆபீசுக்குப் போனா டிலே. பேங்குக்குப் போனா பிளாக்.” சரி, ‘அப்ரூவ்’ என்ற சொல் தெரியுமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்த ஆளு எங்க ஊருப் பக்கம் வந்ததில்லைங்களே” என்றார்.

ஆகவே நூல் அவசியமானது. காலத்துக்கேற்றது. ஆனால் நூலில் ஒரு குறை உண்டு. விளக்கம் இருக்கிறது, செயல்முறை இல்லை. அறிவியல் பாடம் என்றால் ஆய்வகம் உண்டல்லவா? வினைச்சொல் என்றால் வினை வேண்டாமா? அந்தக் குறையை நிறைவு செய்யத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கமாக, மனம் நோகாமல்’ என்று எழுதியிருக்கிறார். சுருக்கமாகப் பேசுகிறேன் ஐயா. இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும்.

இந்த நூல் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளுக்கு ஒரு மாணவர் மேடையேற வேண்டும். ஒரு சொல். அதற்குப் பொருள். பிறகு அந்தச் சொல்லை வைத்து ஒரு சொந்த வாக்கியம். அதுவும் அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது முதல்வர் அம்மையாரின் கண்டிப்பான கட்டளை. நல்ல கட்டளை. அந்த வாக்கியங்களைப் பிள்ளைகளின் பெயரோடு தொகுத்ததுதான் இந்த நூல். வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளை எடுத்துவிட்டாள். அங்கேதான் கோளாறு.

அவள் பெயர் இனியா. ஒன்பதாம் வகுப்பு. நம் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பீட்டரின் மகள். பள்ளி வண்டியில் போய் வருகிறவள். மழைக்காலத்தில் ஒரு மாலை, கண்மாய்க் கரை வளைவில் வண்டி திரும்பும்போது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. கதவோரம் உட்கார்ந்திருந்தது ஒன்றாம் வகுப்புச் சிறுவன். நம் மீனம்மாளின் மகன். பை வெளியே விழுந்தது. பையைப் பிடிக்கப் பிள்ளை சாய்ந்தது. இனியா அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பை கண்மாயில் கிடந்தது. பிள்ளை வண்டியில் கிடந்தது. இரண்டும் இடம் மாறியிருந்தால் இன்று இந்த மேடையில் நூல் வெளியீடு நடந்திருக்காது. இரங்கல் கூட்டம் நடந்திருக்கும். ஜெனரேட்டரும் தாளாளர்தான் தந்திருப்பார்.

மறுநாள் மீனம்மாள் பள்ளிக்குப் போனார். “மிஸ், கதவு தாப்பா போடவே மாட்டேங்குது. எம்புள்ள விழப் பாத்துச்சு” என்றார். முதல்வர் அம்மையார் என்ன சொன்னார்? “ஒங்க பையன் கதவுல சாஞ்சுக்கிட்டு வந்தா நாங்க என்னம்மா பண்றது? சேட்டையக் கொறைக்கச் சொல்லுங்க” என்றார். நூலின் தொடக்கப் பக்கங்களில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ‘பிளேம்’. தன் பிழையைப் பிறர் தலையில் வைத்தல். பிறர் தலைக்கு ஒன்றாம் வகுப்புத் தலையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது செயல்முறை விளக்கம்.

வண்டி ஓட்டுநர் மூக்கன் பலமுறை சொல்லிப் பார்த்தார். தாழ்ப்பாள் வரவில்லை. கயிறு வந்தது. நைலான் கயிறு. கதவை இழுத்து, இருக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். கல்விக் கட்டணம் கட்டுகிறோம், வண்டிக் கட்டணம் கட்டுகிறோம், கதவையும் கட்டுகிறோம். அதற்குச் சொல் ‘நெக்லெக்ட்’. கவனிக்க வேண்டிய கடமை இருந்தும் கவனிக்காமல் விடுதல்.

இப்படியிருக்க, வழிபாட்டுக் கூட்டத்தில் இனியாவின் முறை வந்தது. அவளுக்குக் கொடுத்த சொல் ‘இக்னோர்’. மேடையேறினாள். பொருள் சொன்னாள்: பார்த்தும் பாராதது போல இருத்தல், கேட்டும் கேளாதது போல இருத்தல். பிறகு சொந்த வாக்கியம். எங்கள் வண்டியின் கதவு உடைந்திருப்பதைப் பள்ளி நிர்வாகம் இக்னோர் செய்கிறது என்று ஆங்கிலத்தில், பிழையில்லாமல், நிதானமாகச் சொன்னாள். சொல் சரி. பொருள் சரி. வாக்கியம் சரி. செய்தியும் சரி. பிள்ளைகள் கை தட்டினார்கள். எந்த ஆங்கில ஆசிரியரும் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார்.

என்ன கொடுத்தார்கள் தெரியுமா?

முதல்வர் அம்மையார் ஒலிபெருக்கியை வாங்கினார். அவளை இறங்கவிடவில்லை. அத்தனை பிள்ளைகள் பார்க்க, வழிபாடு முடியும்வரை மேடையிலேயே நிற்கவைத்தார். “சாரி சொல்லு” என்றார். அவள், “எதுக்கு மிஸ்?” என்று கேட்டாள். எதுக்கு மிஸ் என்று கேட்டாள். இதைவிடப் பணிவாக ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது? “திமிர் பிடிச்ச கழுதை” என்று ஒலிபெருக்கியிலேயே விடை வந்தது. ‘ஹியூமிலியேட்’. பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்துதல். அன்று மதியமே அவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ‘சஸ்பெண்ட்’. அப்படி ஒரு கதவுக் கோளாறே கிடையாது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. ‘டினை’. உண்மையை இல்லை என்று சாதித்தல். ஒரு சொல்லைச் சொன்ன பிள்ளைக்கு, மிச்சமிருந்த சொற்களையெல்லாம் பள்ளி ஒரே நாளில் கற்றுக்கொடுத்தது. இப்படி ஒரு கற்பித்தல் வேகத்தை நான் எங்கும் கண்டதில்லை.

என்னம்மா? பள்ளியின் பெயரா? பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் சத்தமாகச் சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பீட்டரைப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். தாளாளரின் அறைக்கு அவரை அழைத்திருக்கிறார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “சார், வண்டியப் பட்டறைக்கு அனுப்புங்க. ஒரு மணி நேர வேல. நானே வெல்டு வச்சுத் தாரேன், காசு வேணாம். புள்ளைய மட்டும் சேத்துக்கங்க” என்றிருக்கிறார். தாளாளர் என்ன சொன்னார்? “நீ வந்து கதவச் சரிபண்ணுனா, கதவு சரியில்லன்னு நாங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும்ல?”

அன்பர்களே, இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். கதவு உடைந்திருக்கலாம். பிள்ளை விழலாம். ஆனால் கதவு உடைந்திருக்கிறது என்று ஆகிவிடக் கூடாது. இலவசமாக வந்த தாழ்ப்பாளை ‘ரெஃப்யூஸ்’ செய்த நிர்வாகத்தை இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

பிறகு நிபந்தனை வந்தது. இனியா தன் கைப்பட மன்னிப்பு எழுதித் தர வேண்டும். வண்டிக் கதவு நல்ல நிலையில் உள்ளது, நான் பொய் சொன்னேன் என்று எழுத வேண்டும். எழுதினால் வகுப்பு. எழுதாவிட்டால் வீடு. வருகிற திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. தேர்வு எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ‘த்ரெட்டன்’.

அன்று இரவு வீட்டில் நடந்ததையும் பீட்டர் சொன்னார். “எழுதிக் குடுத்துரு தாயி. ஒரு வரிதான? படிப்பு போயிரும்” என்று மகளிடம் கெஞ்சியிருக்கிறார். அவள், “கதவு நல்லா இல்லையேப்பா” என்றிருக்கிறாள். “அது எனக்கும் தெரியும்” என்றிருக்கிறார். “ஒங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். அப்பறம் யாருக்குப்பா எழுதுறது?” என்று கேட்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது பீட்டர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. அப்போது அவர் எதையும் ஒட்டிக்கொண்டும் இல்லை.

கையில் இருக்கும் இந்த நூலில் ‘இக்னோர்’ என்ற சொல் இருக்கிறது. அவள் வாக்கியம் இல்லை. அந்த இடத்தில், நல்ல மாணவன் ஆசிரியரின் அறிவுரையை இக்னோர் செய்யமாட்டான் என்று புதிதாக ஒரு வாக்கியம் போட்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு உரியவர் பெயர் இல்லை. எழுதியவருக்கே கூச்சம் வந்துவிட்டது போலும்.

பின்வரிசையிலிருந்து யாரோ, இனியா இங்கதான் இருக்கா, மேடைக்குக் கூப்பிடுங்க என்கிறார்கள். மாட்டேன். அழைக்கவே மாட்டேன். அந்தப் பிள்ளை ஒரு மேடையில் நின்றது போதும். அவள் பேச வேண்டியதைப் பேசிவிட்டாள். பதினான்கு வயதில், தனியாக, ஒலிபெருக்கி முன்னால், முதல்வரும் பள்ளி முழுவதும் கேட்கப் பேசிவிட்டாள். நாம் பேசினோமா? பேச வேண்டிய முறை இப்போது யாருடையது?

கோபம் தாளாளர் மேல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு தொழில் செய்கிறார். தொழிலில் ஒரு தாழ்ப்பாள் மிச்சம். என் கோபம் இந்தப் பக்கம் திரும்புகிறது. கதவு உடைந்தது யாருக்குத் தெரியாது? தினமும் காலையில் பிள்ளையை ஏற்றிவிடுகிற நமக்குத் தெரியாதா? கயிற்றை நாம் பார்க்கவில்லையா? முடிச்சு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ‘டாட்டா’ காட்டிவிட்டுத் திரும்பவில்லையா? கதவுக் கோளாறே கிடையாது என்று குழுவில் அறிவிப்பு வந்ததும், அதன் கீழே கும்பிடு போட்டவர்கள் யார்? பூ போட்டவர்கள் யார்? ‘நன்றி சார்’ என்று எழுதியவர்கள் யார்? ஒரு தகப்பன் என்னிடமே சொன்னார்: “எல்லாம் தெரியும்ங்க. நாம எதாச்சும் கேட்டா நம்ம புள்ளையக் குறி வச்சுருவாங்கல்ல.” இனியாவைக் குறி வைத்தபோது அவர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். குறி வேறு பிள்ளை மேல் விழுந்துவிட்டதே.

‘டாலரேட்’ என்று ஒரு ஆங்கில வினைச்சொல் உண்டு. சகித்துக்கொள்ளுதல். இந்த நூலில் அது இல்லை. அதை நல்ல சொல் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கைவிடுவதற்கும், புறக்கணிப்பதற்கும், மிரட்டுவதற்கும், பழிபோடுவதற்கும் சோறு போட்டு வளர்க்கிற சொல் அதுதான். நிர்வாகம் செய்வது எல்லாவற்றையும் நிர்வாகம் மட்டும் செய்வதில்லை. பாதியை அது செய்கிறது. மீதியை நாம் சகிக்கிறோம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இன்று வரவேற்பு நடனம் ஆடிய பிள்ளைகள் எதில் வந்தார்கள்?

மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்கிறதே, அந்த வண்டியில்தான் வந்தார்கள். உள்ளே வருமுன் போய்ப் பார்த்தேன். கயிறு இருக்கிறது. பழைய கயிறு நைந்துவிட்டது போலிருக்கிறது. புதுக் கயிறு மாற்றியிருக்கிறார்கள். நிர்வாகம் எதுவுமே செய்யவில்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. ஓட்டுநர் மூக்கனை யாரும் போய்க் கேள்வி கேட்காதீர்கள். அவர் வாயைத் திறந்தால் ‘டெர்மினேட்’ என்று ஒரு சொல் அவருக்காகத் தயாராக இருக்கிறது.

இன்னும் சிறிது நேரத்தில் நிகழ்ச்சி முடியும். நாட்டுப்பண் பாடுவோம். கேசரி கொடுப்பார்கள். பிறகு சலங்கை கட்டிய காலோடு, சாயம் பூசிய முகத்தோடு, அந்தப் பிள்ளைகள் அந்த வண்டியில் ஏற வேண்டும். இருட்டில், அதே கண்மாய்க் கரை வளைவில், அதே கதவு. ஏற்றப்போகிறீர்களா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கயிற்றை நம்பி ஏற்றப்போகிறீர்களா? காலரைப் பிடித்து இழுக்க இன்று வண்டிக்குள் இனியா இல்லை. அவளைத்தான் நீக்கிவிட்டார்களே. ஏற்றப்போகிறீர்களா?

என்னம்மா சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். எழுந்து நிற்பவர் மீனம்மாள். அவர் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன்: “எம்புள்ள அதுல ஏறாது. தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தே போவேன். இனியாவ உள்ள விடுற வரைக்கும் பரீச்சைக்கும் வர மாட்டான்.”

மீனம்மாளோடு சேர்ந்து நிற்பவர்கள் கை தூக்குங்கள். ஒரு கை தெரிகிறது. அதோ இன்னொன்று. தூணுக்குப் பக்கத்தில் இரண்டு. ஐயா, நீங்கள் தூக்குகிறீர்களா, தலை சொறிகிறீர்களா? தூக்குகிறார். நல்லது. வாசலில் நிற்கிற இளைஞர்களே, உங்களுக்குப் பிள்ளை இல்லை, தங்கை உண்டு. தூக்கலாம். இந்தப் பக்கம் அம்மாமார் வரிசை முழுவதும் தூக்கிவிட்டது. தாளாளர் அவர்களே, தயவுசெய்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அன்றைக்குக் கைதட்டலாகக் கேட்டது. இன்றைக்குக் கைகளாகத் தெரிகிறது.

தாளாளர் ஏதோ சொல்கிறார். “மேனேஜ்மெண்ட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்கிறார். நியாயம்தான். மேனேஜ்மெண்ட் என்பது இவரும், இவருடைய துணைவியாரும், இவருடைய மைத்துனரும். துணைவியார் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். மைத்துனர் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார். கலந்து பேச இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பேசுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம். தலைவர் ஐயா, மணியை அடிக்க வேண்டாம். இது என் நேரமில்லை, அவர்கள் நேரம்.

பேசிவிட்டார்களா? என்ன முடிவு? “வரச் சொல்லுங்க” என்று என்னிடம் மெதுவாகச் சொல்கிறார். என்னிடம் எதற்கு? இதோ ஒலிபெருக்கி. அந்தப் பிள்ளையைத் திட்டியது ஒலிபெருக்கியில்தானே? பிடியுங்கள்.

கேட்டீர்களா? திங்கட்கிழமை இனியா வகுப்புக்கு வரலாம், தேர்வு எழுதலாம் என்கிறார். மன்னிப்புக் கடிதம்? “வேணாம்.” கதவு? நாளைக் காலை வண்டி பீட்டரின் பட்டறைக்குப் போகும் என்கிறார். அவ்வளவுதான். ஒரு தாழ்ப்பாளுக்கு ஊர் கூட வேண்டியிருந்தது.

நன்றி சொல்லி முடிப்பது மேடை மரபு. இதற்காகத் தாளாளருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். அவளுடைய வகுப்பை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு நன்றி எதற்கு? கை தூக்கியவர்களுக்கு நன்றி. தூக்கலாமா என்று யோசித்துப் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் வணக்கம். மீதித் தூரத்தை அடுத்த முறை தூக்கிவிடலாம். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட முதல்வர் அம்மையாருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு அறிவிப்பு. கதவு நாளைதான் சரியாகும். இன்றைக்குப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். மேடையில் இருப்பவர்களுக்கு மொத்தம் மூன்று கார் இருக்கிறது. வரும்போதே பார்த்துவிட்டேன், மூன்றிலும் கதவுகள் நன்றாகச் சாத்துகின்றன. தாளாளரின் கார்தான் பெரியது. கண்மாய்க் கரை வழியாகப் போகும் பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளை உள்பக்கமாக உட்காரவையுங்கள். வருகிறேன்.